கோயில் எரிந்த பிறகு

எருசலேம் நகர வாசலில் ஒரு சவப்பெட்டி வந்து நின்றது. ஒரு பக்கம் எலியேசர், மறு பக்கம் யோசுவா என்று இரண்டு சீடர்கள் அதைத் தாங்கியிருந்தார்கள். உள்ளே படுத்திருந்தவர் ரப்பி யோஹனான் பென் சக்காய், அந்தக் காலத்து யூத ஆசான்களில் தலையாயவர். உயிரோடுதான் படுத்திருந்தார். ரோமரை எதிர்த்து நின்ற கிளர்ச்சிக்காரர்கள் நகரத்தை விட்டு யாரையும் வெளியேற விடவில்லை. பிணத்துக்கு மட்டும் வழிவிட்டார்கள். சந்தேகப்பட்ட காவலர்கள் ஈட்டியால் குத்திப் பார்க்கக் கை ஓங்க, சொந்தக் குருவின் சடலத்தையே குத்தினார்கள் என்று எதிரி பேசுவானே என்று சீடர்கள் மன்றாடினார்கள். ஈட்டி இறங்கியது. வாசல் திறந்தது.

வெளியே வந்தவர் ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன் போய் நின்று, அவனைப் பேரரசன் என்றே அழைத்து வாழ்த்தினார். அப்போது அவன் வெறும் தளபதி. பேசிக்கொண்டிருக்கும்போதே ரோமிலிருந்து தூதன் வந்தான். பேரரசன் இறந்துவிட்டான், இனி நீதான் என்றான். என்ன வேண்டுமோ கேள் என்றான் வெஸ்பாசியன். யோஹனான் மூன்று கேட்டார். யவ்னே என்ற ஊரும் அங்குள்ள அறிஞர்களும் தப்ப வேண்டும். யூத ஆசான்களின் தலைமைக் குடும்பமான கமாலியேலின் குடும்பம் பிழைக்க வேண்டும். நகரம் அழியக் கூடாதென்று 40 ஆண்டு நோன்பிருந்து எலும்பும் தோலுமாகிப்போன ரப்பி சாதோக்குக்கு ஒரு வைத்தியர் வேண்டும்.

எருசலேமை விட்டுவிடு என்று அவர் கேட்கவில்லை.

இந்தக் கதை யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டு கழித்து ஏட்டில் ஏறிய கதை. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. வெஸ்பாசியன் தானே வந்து எருசலேமை முற்றுகையிட்டதும் இல்லை. நீ பேரரசன் ஆவாய் என்று அவனிடம் முன்கூட்டிச் சொன்னவன் நான்தான் என்று யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியரும் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே சவப்பெட்டி நடந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் மறுபிறப்பை நினைத்துப் பார்க்கும்போது பிணம்போல் கிடந்து பிழைத்த ஒருவரின் கதையாக அதைச் சொல்லிக்கொண்டது. அந்த நினைவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எருசலேமில் இருந்த முதல் கோயிலைப் பாபிலோனியர் இடித்தார்கள். அது கி.மு. 586. ஏறத்தாழ எழுபது ஆண்டில் இரண்டாவது கோயில் எழுந்தது. ஏரோது மன்னன் அதை விரித்துக் கட்டியபோது வளாகம் மட்டும் ஏறத்தாழ 35 ஏக்கர் ஆனது. மதிலில் 13 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைக் கல் இன்றும் இருக்கிறது. யூதச் சட்டப்படி பலியிடத் தகுந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு நாளும் தவறக் கூடாது. ஆண்டுக்கு மூன்று திருவிழாவுக்கு ஊர் ஊராக மக்கள் மலையேறி வந்தார்கள். பாபிலோன், அலெக்சாண்டிரியா, ரோம் என்று எங்கே குடியிருந்தாலும் வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு அரை ஷெக்கேல் கோயிலுக்கு அனுப்பினார்கள். கருவறைக்குள் தலைமை ஆசாரியர் ஒருவர் மட்டும், ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், பாவ நிவாரண நாளில் நுழைவார். உள்ளே சிலை கிடையாது. முதல் கோயிலில் இருந்த உடன்படிக்கைப் பேழையும் தொலைந்து போயிருந்தது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்பே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து பார்த்தான். அங்கே வெற்றிடம்தான் இருந்தது.

கி.பி. 66-இல் ரோம ஆளுநர் புளோரஸ் கோயில் கருவூலத்தில் கைவைத்ததிலிருந்து கலகம் மூண்டது. நான்கு ஆண்டுப் போரை விவரிக்க இங்கே இடமில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முற்றுகைக்கு முன்பே நகரத்துக்குள் இருந்த கிளர்ச்சிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதி, சேர்த்து வைத்த தானியத்தைத் தாமே கொளுத்திக்கொண்டன. கி.பி. 70-இல் பஸ்கா பண்டிகை நேரத்தில் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் நான்கு படையணிகளோடு வந்து வளைத்தபோது பசி ஏற்கெனவே உள்ளே இருந்தது. கோடையில் ஒரு நாள் அன்றாடப் பலி நின்றது. மூன்று வாரம் கழித்து, யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்தில், கோயில் எரிந்தது.

டைட்டஸ் கோயிலைக் காப்பாற்ற நினைத்தான், ஒரு படைவீரன் கட்டளை இல்லாமல் தீப்பந்தத்தை உள்ளே எறிந்தான் என்கிறார் யோசேபஸ். அவர் அன்று டைட்டஸ் முகாமில் இருந்தவர், பிறகு அந்தக் குடும்பத்தின் ஆதரவில் ரோமில் வாழ்ந்தவர். இந்த இடத்தில் அவரை நம்ப என் மனம் ஒப்பவில்லை. மறு ஆண்டு ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சி டைட்டஸ் வளைவில் இன்றும் கல்லில் இருக்கிறது. கோயிலுக்குக் கட்டிய காணிக்கையை இனி ரோமில் இருக்கும் ஜூபிட்டர் கோயிலுக்குக் கட்ட வேண்டும் என்று வெஸ்பாசியன் ஆணையிட்டான். தோற்றவர்களின் பக்திப் பணம் வென்றவர்களின் தெய்வத்துக்குப் போயிற்று.

பலியில்லாமல் பாவம் எப்படித் தீரும்? ஆசாரியருக்கு இனி என்ன வேலை? இயேசுவின் வழி நடந்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டார்கள். யவ்னே கண்டது வேறு விடை. இன்றைய டெல் அவிவுக்குத் தெற்கே, கடற்கரைச் சமவெளியில் இருந்த அந்த ஊரில் யோஹனான் என்ன செய்தார் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஓர் ஆட்டுக்கொம்பு.

யூதப் புத்தாண்டில் கொம்பு ஊத வேண்டும். அந்த நாள் ஓய்வுநாளில் வந்தால் மற்ற ஊர்களில் ஊதக் கூடாது, கோயிலில் மட்டும் ஊதலாம். கோயில் போன பின் ஒரு புத்தாண்டு ஓய்வுநாளில் வந்தது. யவ்னேயில் ஊதலாம் என்றார் யோஹனான். பெத்தேரா குடும்பத்துப் பெரியவர்கள் தடுத்தார்கள். முதலில் விவாதிப்போம் என்றார்கள். நேரம் போகிறது, ஊதிவிட்டு விவாதிப்போம் என்றார் அவர். ஊதினார்கள். சரி, இப்போது விவாதிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். யவ்னேயில் கொம்பின் ஒலி கேட்டாயிற்று, நடந்து முடிந்ததற்கு மறுப்பு ஏது என்று சொல்லிவிட்டார். கோயிலுக்கே உரிய ஒன்று அன்றைக்கு ஒரு சாதாரண ஊருக்கு வந்து சேர்ந்தது.

இடிபாடுகளைப் பார்த்து சீடர் யோசுவா அழுதபோதும் யோஹனான் இதே துணிவோடுதான் பேசினார் என்கிறது இன்னொரு பழைய நூல். பலிக்கு நிகரான பரிகாரம் நம் கையில் இருக்கிறது, அது இரக்கச் செயல் என்றாராம். அவருக்குப் பின் வந்த இரண்டாம் கமாலியேல் காலத்தில் அன்றாட வழிபாடு ஒழுங்குபட்டது. காலை ஆட்டுக்குட்டியின் இடத்தில் காலைப் பிரார்த்தனை, மாலைப் பலியின் இடத்தில் பிற்பகல் பிரார்த்தனை. பத்து ஆண்கள் கூடினால் சபை. ஆசாரியர் வேண்டியதில்லை, பலிபீடம் வேண்டியதில்லை. பஸ்கா ஆடு வெட்டிய இடத்தில் குடும்பம் உட்காரும் இரவு விருந்து வந்தது. தட்டில் வைக்கும் ஓர் எலும்புத் துண்டு அந்தப் பலியை நினைவூட்டும்.

இதெல்லாம் யவ்னேயில் ஒரே நாளில் முளைத்ததல்ல. கோயில் நின்றபோதே எருசலேமில் ஜெப ஆலயம் இருந்தது. திருச்சட்டம் வாசிக்கவும் வெளியூர்க்காரர்கள் தங்கவும் தெயோதோத்தஸ் என்பவர் கட்டினார் என்று கிரேக்கக் கல்வெட்டே இருக்கிறது. யவ்னேயின் ஏற்பாடுகளைத் தற்காலிகம் என்றே பலரும் நினைத்திருக்க வேண்டும். முதல் கோயில் எழுபது ஆண்டில் திரும்ப வந்ததே, இதுவும் வரும் என்று. கி.பி. 132-இல் பார் கோக்பா தலைமையில் மீண்டும் எழுந்தவர்கள் அடித்த நாணயத்தில் இல்லாத கோயிலின் முகப்பைப் பொறித்தார்கள். மூன்று ஆண்டில் அந்தக் கனவையும் ரோம் நசுக்கியது. எருசலேமுக்கு ஏலியா கபித்தோலினா என்று பெயர் மாறியது, யூதர்கள் உள்ளே வரத் தடை விழுந்தது.

கி.பி. 200 வாக்கில் ரப்பி யூதா, வாய்வழிச் சட்டங்களைத் தொகுத்து மிஷ்னாவை உருவாக்கினார். அதன் ஆறு பகுதிகளில் ஒன்று முழுக்கப் பலிகளையும் கோயில் பணிகளையும் பற்றியது. அதில் ஒரு நூலுக்குப் பெயரே ‘மித்தோத்’, அதாவது ‘அளவுகள்’. வாசல் எத்தனை முழ உயரம், எந்த இடத்தில் இரவுக் காவல், பலிபீடம் எத்தனை முழம் என்று எல்லாம் இருக்கிறது. கோயில் எரிந்து 130 ஆண்டாகியிருந்தது. அதைக் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட உயிரோடில்லை. இல்லாத மதிலை முழம் போட்டு அளந்து, மாணவர்களுக்கு மனப்பாடமாக்கி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கையில் எடுத்துப் போகக்கூடிய வழிபாடு என்பதால் அது கடல் தாண்டியும் நிலைத்தது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்தான். பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் அவற்றில் அடங்கும். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. எருசலேமில் கோயில் இல்லாமல் 900 ஆண்டுக்கு மேல் கழித்துவிட்ட ஒரு சமூகம், மலையாளக் கரையில் மன்னனின் மரியாதையோடு குடியிருந்தது.

யோஹனானை அவர் வழிவந்த ஆசான்களே விமர்சிக்காமல் விடவில்லை. இந்த ஒரு முறை நகரத்தை விட்டுவிடு என்று கேட்டிருக்கலாமே என்ற மனக்குறையையும் தல்மூத் மறைக்காமல் பதிவு செய்கிறது. அவ்வளவு பெரிதாகக் கேட்டால் சிறியதும் கிடைக்காமல் போகும் என்று பயந்திருப்பார் என்று அதற்கு ஒரு சமாதானமும் தருகிறது. அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது சீடர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அழத் தொடங்கினார். இஸ்ரவேலின் விளக்கே, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். என் முன்னே இரண்டு வழிகள் தெரிகின்றன, ஒன்று சொர்க்கத்துக்கு, ஒன்று நரகத்துக்கு, எந்த வழியில் என்னை அழைத்துப் போகப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை என்றார்.