பித்தளையின் பருவ வெடிப்பும் காய்ச்சி ஆற்றுதலும்

பருவ வெடிப்பு என்பது, சூடேற்றாமல் அடித்தோ இழுத்தோ உருவாக்கிய பித்தளைப் பொருள், ஈரமும் அமோனியாவும் கலந்த காற்று பட்டுத் தானாகவே கீறிப் பிளப்பதாகும். வெளியிலிருந்து எந்தச் சுமையும் ஏறத் தேவையில்லை. செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையே, அதாவது உள் தகைவே, பிளவுக்குப் போதும். உலோகவியலில் இது தகைவு அரிமான வெடிப்பு என்ற பெருவகையைச் சேர்ந்தது. துப்பாக்கித் தோட்டாக் கூடுகளில் முதலில் பெரிதாகக் கவனிக்கப்பட்டது. குடம், குழாய் இணைப்பு, திருகாணி, படகுப் பொருத்துகள் என எல்லாப் பித்தளைப் பொருளுக்கும் பொருந்துவது. இதற்கான முதன்மைத் தடுப்பு, பொருளை அளவறிந்து சூடாக்கி ஆறவிடுவது. பட்டறைகளில் 'அனீலிங்' என்று வழங்கும் காய்ச்சி ஆற்றுதல் இதுவே.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துப்பாக்கித் தோட்டாக்கள் காகிதச் சுருளிலிருந்து பித்தளைக் கூட்டுக்கு மாறின. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படை, மழைக்காலத்தில் போர் நடவடிக்கைகள் குறையும்போது, தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பதுண்டு. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், ஒருமுறைகூடச் சுடப்படாத தோட்டாக்களின் கூடுகள் வாய்ப்பகுதியில் விண்டிருந்தன. மழை ஈரமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது அதனுள் தங்கிய தகைவும் ஒன்றுகூடியதே காரணம்.

இந்த மூன்றையும் இணைத்த தெளிவான விளக்கம் 1921இல்தான் வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரித்தானிய ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். உள் தகைவை நீக்கிவிட்டால் அமோனியா பட்டாலும் கூடு பிளக்காது என்பது அதன் நடைமுறைப் பயன். அமோனியாவை உலகிலிருந்து விலக்க முடியாது. தகைவைத் தொழிற்சாலையிலேயே விலக்கிவிடலாம்.

தோட்டாக் கூட்டின் அமைப்பு

கூடு செய்யப் பயன்படும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பித்தளை வகைகளில் நன்றாக நீளக்கூடியது இது. தகட்டிலிருந்து முதலில் ஒரு கிண்ணம் அழுத்தி எடுக்கப்படும். பிறகு அச்சுகள் வழியே பலமுறை இழுத்து நீட்டப்படும். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் இறுகுவதால் நடுநடுவே காய்ச்சி ஆற்ற வேண்டும். இல்லையேல் அடுத்த இழுப்பில் கிழிந்துவிடும்.

முடிந்த கூட்டின் எல்லாப் பகுதியும் ஒரே கடினத்தில் இருக்கக் கூடாது. சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கவும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் 'கேப்பு' என்ற சிறு மூடியை இறுகப் பிடிக்கவும் அடிப்பகுதி கடினமாக இருக்க வேண்டும். வாயை ஒட்டிய கழுத்தும், அதற்குக் கீழே அகலும் தோளும் சற்று மென்மையாக இருக்க வேண்டும். சுட்ட நொடியில் கழுத்து விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வெடிவாயு பின்னோக்கிக் கசியாமல் அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்கி வெளியே வரும். கழுத்து இறுகிப்போனால் இந்த விரிதலும் சுருங்கலும் நடக்காமல் கீறல் விழும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு கறை வளையம் தெரியும். அது அழுக்கோ துருவோ அல்ல. கழுத்தைக் காய்ச்சியதன் தடயம். ராணுவக் கூடுகளில் அதைத் துடைக்காமல் விடுகிறார்கள். கடைச்சரக்கில் பெரும்பாலும் மெருகிட்டு நீக்கிவிடுகிறார்கள்.

வெடிப்பு நேரும் விதம்

பித்தளை கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற படிக மணிகளால் ஆனது. சூடேற்றாமல் அடிக்கும்போது மணிகள் நசுங்கி நீண்டு, உலோகத்தின் ஒரு பகுதி இழுவிசையிலும் மறுபகுதி அழுத்தத்திலும் உறைந்து நிற்கும். அமோனியா, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பைத் தாக்கி, நீரில் கரையும் கருநீலச் சேர்மமாக மாற்றுகிறது. இத்தாக்குதல் பெரும்பாலும் மணிகளின் எல்லைக்கோடு வழியே உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் இழுவிசை அந்த வழியை விரித்துக்கொடுக்க, கீறல் ஆழமாகும். மேற்பரப்பு பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும், எடையும் பெரிதாகக் குறையாது. தோட்டாக் கூட்டில் பிளவு வாயில் தொடங்கி, தோளை நோக்கி நேர்க்கோடாக இறங்கும். தொடக்கத்தில் மயிரிழை அளவே இருப்பதால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

துத்தநாகம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். நூற்றுக்கு 15 பங்குக்குக் கீழே துத்தநாகம் உள்ள செம்புக் கலவைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

பொருளில் உள் தகைவு இருக்கிறதா என்று அறிய, மெர்க்குரஸ் நைட்ரேட் கரைசலில் முக்கிப் பார்ப்பது பழைய சோதனை. தகைவு மிகுந்த பித்தளை சிறிது நேரத்திலேயே வெடித்துக் காட்டிவிடும். பாதரசம் நச்சு என்பதால் இன்று அமோனியா ஆவிச் சோதனையும் பயன்படுகிறது.

காய்ச்சி ஆற்றும் முறை

வெப்பத்தின் வேலை மூன்று படிகளில் நடக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், கடினம் பெரிதாகக் குறையாமலே உள் தகைவு தளரும். பருவ வெடிப்பைத் தடுக்க இதுவே போதும். அதற்கும் மேலே, நசுங்கிய மணிகள் இருந்த இடத்தில் புதிய மணிகள் பிறந்து உலோகம் மென்மையாகும். தொழிற்சாலைகளில் முழுமையாக மென்மைப்படுத்த 425 முதல் 750 பாகை வரை பயன்படுத்துகிறார்கள். சூடு இன்னும் மிஞ்சினால் மணிகள் பெருத்து உலோகம் வலுவிழக்கும். அதை மறுபடி வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலச் சொரசொரப்பாகும். சுமார் 915 பாகையில் உருகத் தொடங்கிவிடும்.

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். பித்தளை அப்படி இறுகாது. தண்ணீரில் முக்கினாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மை ஒன்றுதான். ஆகவே தண்ணீரின் வேலை பதமிடுவது அல்ல, சூடு பரவாமல் நிறுத்துவது.

தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்தில் தகட்டுப் பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்குக் காய்ச்சி ஆற்றும் அறிவு கையோடு வந்தது. தகடு இறுகத் தொடங்கியதும் சுத்தியலின் ஒலி மாறும், அடி எகிறும். அப்போது பாத்திரத்தை உலையில் காட்டி ஆறவிட்டு மீண்டும் அடிப்பார்கள். இந்த ஓய்வைக் கொடுக்காமல் அடித்து முடித்த பாத்திரம் விளிம்பிலோ கழுத்திலோ விண்டுபோகும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பு வேலை என்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

பாதுகாப்பு விதிகள்

சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த அனுமதியுள்ள நாடுகளில், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் கூட்டின் கழுத்தை வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும், அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும்போதும் கழுத்து இறுகுவதே காரணம். இதில் விலக்கே இல்லாத விதிகள் சில உண்டு.

முதல் விதி, அடிப்பகுதியைக் காய்ச்சக் கூடாது. அடி மென்மையான கூடு, சுடும்போது பிய்ந்து வெடிவாயுவைச் சுடுபவரின் முகத்தை நோக்கி விடலாம். மென்மையான அடியை மறுபடி இறுகச் செய்ய வீட்டில் வழி கிடையாது; அக்கூட்டை நசுக்கிக் கழிக்க வேண்டியதுதான். அதனால் கூட்டின் கீழ்ப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்தியோ, சூட்டை இழுக்கும் உலோகப் பிடியில் வைத்தோ, கழுத்திலும் தோளிலும் மட்டும் சுடரைச் சில விநாடிகள் சுழற்றிக் காட்டுகிறார்கள். குறித்த வெப்பத்தில் உருகும் பூச்சைத் தடவிச் சூட்டை அளக்கிறார்கள். கண்ணால் நிறம் பார்த்து அளவிடுவது நம்பத்தக்கதல்ல. கூடு சிவந்து பளிச்சென ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, மருந்து நிரப்பிய தோட்டாவையோ, சுடப்படாத கேப்பு உள்ள கூட்டையோ ஒருபோதும் சூடாக்கக் கூடாது. வெடிமருந்து இருக்கும் அறையில் சுடரே ஏற்றக் கூடாது. மூன்றாவது, காற்றோட்டம். மிகையாகச் சூடேறிய பித்தளையிலிருந்து துத்தநாகப் புகை எழும். அதைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும். நான்காவது, சுட்ட கூட்டில் கேப்பின் ஈயக் கசடு ஒட்டியிருக்கும். கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது; குழந்தைகளை அருகே விடக் கூடாது. ஐந்தாவது, கூட்டைத் துலக்க அமோனியா கலந்த மெருகுத் திரவத்தைப் பயன்படுத்தக் கூடாது. அது லாயத்தில் நடந்ததை வீட்டில் நடத்துவதாகும்.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. தோட்டாவின் பகுதிகளும், தோட்டா செய்யும் இயந்திரங்களும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. எனவே இங்கு தோட்டாக் கூட்டைக் காய்ச்சி நிரப்புவது வீட்டு வேலை அல்ல, தொழிற்சாலை வேலை. சிறுபடைக்கலத் தோட்டாக்களுக்கு, 1869இல் தொடங்கிய புனேவின் கட்கி வெடிபொருள் தொழிற்சாலை பெயர்பெற்றது. அதுவும், தோட்டாவுக்கான உந்துமருந்து செய்யும் நீலகிரி அருவங்காடு தொழிற்சாலையும் 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

கடலோரத்தில் பித்தளை

காரைக்கால் கடற்கரையிலுள்ள கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களில் பித்தளைக்கு இரண்டு வெவ்வேறு பகைகள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது பயன் தரும். உப்புக் காற்றும் கடல்நீரும் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல உறிஞ்சும். மீந்த செம்பு இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும், நகத்தால் சுரண்டினால் உதிரும். இது துத்தநாக இழப்பு. இதற்குக் காய்ச்சி ஆற்றுதல் மருந்தாகாது. வெள்ளீயமோ ஆர்சனிக்கோ சிறிதளவு சேர்ந்த கடல்வகைப் பித்தளையோ, வெண்கலமோ வாங்க வேண்டும்.

மற்றது பருவ வெடிப்பு. நிறம் மாறாமலே திடீரென விழும் நேர்க்கீறல் அதன் அடையாளம். அழுகும் மீன் அமோனியாவை வெளிவிடும்; மாட்டுக் கொட்டகையும் உரமூட்டையும் அப்படியே. பல ஐஸ் ஆலைகளில் குளிரூட்டும் பொருளே அமோனியாதான். அதனால் அந்த ஆலைகளின் அமோனியாக் குழாய்ப் பாதையில் செம்பும் பித்தளையும் தவிர்க்கப்பட்டு எஃகு பயன்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தரும் ஈரத்தில் இந்த ஆபத்து கூடும்.

தடுப்பு

பித்தளைத் தகட்டை அடித்தோ வளைத்தோ செய்த பொருளைக் கடைசியாக ஒருமுறை காய்ச்சி ஆற்றித் தகைவை நீக்குவது செய்பவரின் கடமை. வாங்கிய பின் செய்யக்கூடியவை எளியவை: கருவாடு, உரம், கால்நடை இருக்கும் இடத்தில் பித்தளையை வைக்காதீர்கள், திருகாணியை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், கழுவிய பின் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். மயிரிழைக் கீறல் விழுந்த பொருளைப் பற்றவைத்தாலும் அதே தகைவு அருகிலேயே புதுக் கீறலைத் திறக்கும். அழுத்தம் தாங்க வேண்டிய பொருளானால், கீறலைக் கண்ட அன்றே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.