அம்பகரத்தூருக்குச் சைக்கிளோடு வாருங்கள்: ஆரவாரமில்லாத சாலைகளின் வரலாறு



வெளியூர்களிலிருந்து நம் பக்கம் நண்பர்கள் வீட்டுக்கு வருபவர்கள் இப்போதெல்லாம் புதிதாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு எது? லாரி, பஸ் தொல்லை இருக்கக்கூடாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும்." கோயில் எங்கே, கடற்கரை எங்கே என்று கேட்ட காலம் போய் இது வந்திருக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல வரைபடம் மட்டும் போதாது, கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். நம் பகுதியில் அமைதியான சாலை என்று ஒன்று இருந்தால், அது எதற்காகவோ போடப்பட்டு, பிறகு வேறு ஏதோ காரணத்தால் கூட்டம் ஒதுங்கிப்போன சாலை. அந்தக் காரணங்கள் தெரிந்தால் வழி தானாகத் தெரிந்துவிடும். பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு. காரைக்காலிலிருந்து மேற்கே, திருநள்ளாறு தாண்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அம்பகரத்தூர். புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன். இன்னும் சிறிது மேற்கே போனால் தமிழ்நாடு. பத்ரகாளி அம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர்.

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓடுகின்றன. மலை கிடையாது, மேடு கிடையாது. சைக்கிள்காரர் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய ஒரே இடம் ஆற்றுப்பாலத்தின் ஏற்றம்தான்!

வதியும் வாய்க்காலும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நிலத்துக்கு அடையாளம் சொல்லும் முறை அழகானது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்று எழுதுவார்கள். வதி என்றால் வழி. நீர் போகும் கால் ஒரு திசையில், ஆள் போகும் வழி அதற்குக் குறுக்கே. இரண்டையும் வைத்தே வயலின் முகவரி. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே டெல்டாவின் நிலம் இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

இன்றும் நம் வயல்வெளிச் சாலைகள் திடீர் திடீரென்று வளைந்து திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். காரில் வருபவருக்கு எரிச்சலாக இருக்கும். உண்மையில் அந்தச் சாலை வயலின் வரப்பையும் வாய்க்காலின் போக்கையும் மதித்துப் போகிறது. நேராகப் போக வேண்டிய அவசரம் அதற்கு இல்லை. அவசரம் உள்ள வண்டிகள் அதனாலேயே அதில் வருவதில்லை. சைக்கிளுக்கு அதுதானே வேண்டும்?

ஆற்றங்கரைச் சாலை

அடுத்தது ஆற்றங்கரை. டெல்டாவில் ஆற்றின் இரு பக்கமும் கரை கட்டி உயர்த்தியிருப்பார்கள். வெள்ள காலத்தில் தண்ணீர் மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்கும். கரை உடைந்தால் ஊர் முழுகிவிடும். ஆகவே கரைமேல் யாராவது நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் லஸ்கர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். உடைப்பு எங்கே, கசிவு எங்கே, நண்டு வளை எங்கே என்று பார்த்து, மதகைத் திறந்து மூடுவது அவர்கள் பணி. அந்த நடைபாதைகள்தாம் பல இடங்களில் பின்னாளில் கப்பியும் தாரும் பெற்றுச் சிறு சாலைகளாயின.

கரைச் சாலைக்கு மூன்று நன்மைகள். உயரத்தில் இருப்பதால் இரு பக்கமும் வயல் தெரியும். கரையைப் பிடித்து நிற்க மூங்கிலும் பனையும் பூவரசும் இருப்பதால் நிழல் உண்டு. அகலம் குறைவு என்பதால் பெரிய வண்டி வராது. வழி தவறும் பயமும் இல்லை. தண்ணீர் போகும் திசையிலேயே போனால் கடல்தான்!

கோயில் வழி

மூன்றாவது, அடியார்கள் நடந்த வழி. திருநள்ளாறு, தருமபுரம், காரைக்கால் கோயில்பத்து (அந்நாளைய தெளிச்சேரி), மேற்கே அம்பர், அம்பர் மாகாளம், மீயச்சூர் என்று பாடல் பெற்ற தலங்கள் இங்கே நெருங்கிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நடந்து சேரலாம். சம்பந்தரும் அப்பரும் நடந்த ஊர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். நடப்பவருக்கு ஏற்ற இடைவெளி சைக்கிளுக்கும் ஏற்றதுதான்.

நம் அம்பகரத்தூரின் தலபுராணமே ஒரு வழிகாட்டி. அம்பன் என்னும் அசுரனைக் காளி இங்கே வதம் செய்தாள், அந்தப் பாவம் நீங்க அரசலாற்றங்கரையில் அம்பர் மாகாளத்தில் சிவனை வழிபட்டாள் என்பது கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு ஊருக்கும் இடையே மக்கள் பழங்காலம்தொட்டுப் போய்வந்தார்கள் என்பதை அந்தக் கதை நமக்குச் சொல்கிறது.

பிரெஞ்சுக்காரர் காலம்

1739இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். 1750 வாக்கில் அவர்கள் கையில் 81 கிராமங்கள் இருந்தன. பிறகு ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாகப் பலமுறை கை மாறி, 1817இல் முடிவாகப் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதே 1817இல்தான் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்தி ஓட்டும் மரத்தாலான இரு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். சைக்கிளின் பாட்டன் அது. நம் காரைக்காலின் கதையில் ஓர் அத்தியாயம் முடிந்த ஆண்டில் சைக்கிளின் கதையில் முதல் அத்தியாயம் தொடங்கியது, பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் சைக்கிளுக்கும் இருந்த உறவு பெரிது. கழற்றி மாட்டக்கூடிய காற்று டயரை 1891இல் கொண்டுவந்தவர்கள் மிஷலின் சகோதரர்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. மிஷலின் நிறுவனம் வெளியிட்ட சாலை வரைபடங்களில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்கு அழகான சாலை என்றால் அதன் ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு போட்டுவிடுவார்கள். சுற்றிப் பார்க்க வருபவர் அந்தப் பச்சையைத் தேடிப் போவார். அந்தப் பச்சைக்கோட்டை நம் ஊருக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

1898இல் பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. சுமார் 23 கிலோமீட்டர். பாதை பிரெஞ்சுப் பகுதிக்கானது, வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. ஆளும் சரக்கும் ரயிலில் போனவரை சாலைகள் மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்குமே இருந்தன. 1980களின் இறுதியில் ரயில் நின்றது, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். பிறகு எல்லாச் சுமையும் பெருஞ்சாலையின் தலையில் விழுந்தது. இன்று திருநள்ளாறு சாலையில் நாம் படும் பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பிரான்சில் இப்படிக் கைவிட்ட ரயில் பாதைகள் பலவற்றைச் சைக்கிள் பாதைகளாக்கினார்கள். பர்கண்டி பகுதியில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை 1997இல் அமைந்தது அப்படி ஒன்று. நம் ஊரில் நடந்தது வேறு. பாதையை விடாமல் கேட்டார்கள் மக்கள், இப்போது அகலப்பாதையாகத் தண்டவாளம் திரும்ப வந்துவிட்டது. எனக்கு இதுவே மகிழ்ச்சி. ரயில் ஓட ஓடத்தான் சாலையின் சுமை குறையும்.

எல்லை என்னும் கோடு

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. ஆனாலும் எல்லைக்கோடு அழியவில்லை, மாநில எல்லையாக நின்றுவிட்டது. சைக்கிளில் போனால் இது கண்ணாலேயே தெரியும். தாரின் நிறம் மாறும், மைல்கல் மாறும், பேருந்தின் வண்ணம் மாறும். இந்தப் பக்கம் பெட்ரோலும் மதுவும் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டும் முக்கியச் சாலைகளில் மாலை நேரத்தில் இரு சக்கர வாகனங்கள் கண்மண் தெரியாமல் வரும். பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலைகளில் சைக்கிள் வேண்டாம்.

சரி, எங்கே போவது?

1. மேற்கு வழி: அம்பகரத்தூரிலிருந்து அம்பர், அம்பர் மாகாளம் பார்த்து, அரசலாற்றை ஒட்டிப் பூந்தோட்டம், கூத்தனூர். ஒட்டக்கூத்தர் பெயரோடு சேர்ந்த ஊர், சரஸ்வதிக்குத் தனிக்கோயில். முடிந்தவரை கரைச் சாலையைப் பிடியுங்கள். என் முதல் பரிந்துரை இதுதான்.

2. வடமேற்கு வழி: கொல்லுமாங்குடி பக்கம் போய்ச் சிறுபுலியூர். திவ்விய தேசம். பள்ளிகொண்ட பெருமாள் மிகச் சிறிய உருவம், பார்த்தால் மறக்காது. அங்கிருந்து பேரளம், திருமீயச்சூர். மயிலாடுதுறை – திருவாரூர் சாலையைக் குறுக்கே கடக்கும்போது மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

3. கிழக்கு வழி: திருநள்ளாற்றுக்கு உள்சாலைகளில் போய், தருமபுரம் வழியாகக் காரைக்கால், அரசலாறு கடலில் சேரும் இடம். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் வாசிக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்கப் போனார் என்பது வரலாறு. யாழ்மூரிநாதர் கோயில் முன் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.

தவிர்க்க வேண்டியவை: சனிக்கிழமைகளில் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி சமயத்தில் அந்தத் திசையே வேண்டாம். காரைக்காலுக்குத் தெற்கே நாகூர் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வேண்டாம். 2009இல் வாஞ்சூர் பக்கம் துறைமுகம் வந்தபின் அது லாரிகளின் சாலை. பத்ரகாளி அம்மன் திருவிழா நாட்களில் நம் ஊருக்குள்ளும் சைக்கிள் நகராது, நடந்து வந்து சாமி கும்பிடுங்கள்.

எப்போது வருவது?

நாம் கடைமடைக்காரர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வர நாளாகும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் காரைக்காலுக்காக ஒதுக்கியது 7 டி.எம்.சி. அதை நம்பித்தான் நம் பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, கரைச் சாலை சேறாகும். மார்கழி, தை மாதங்கள் உத்தமம். ஆற்றில் நீர், வயலில் கதிர், வானத்தில் நாரைக் கூட்டம். அறுவடை தொடங்கிவிட்டால் சாலையில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாமல் ஓரமாக இறங்கிப் போவதுதான் மரியாதை. வேறொருவர் சோறு அது.

காற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று முகத்தில் அறையும். மார்கழியில் வாடை. போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது முதுகில் காற்றோடு வாருங்கள். களைத்தபின் எதிர்க்காற்று வந்தால் பத்து கிலோமீட்டர் இருபதாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று

இதெல்லாம் விருந்தாளிக்காக மட்டும் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகம் அறிந்தது. பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2001–02இல் தொடங்கியது, பின்னர் மாணவர்களுக்கும் விரிந்தது. வண்டி கொடுத்துவிட்டோம். ஓட்டுவதற்குப் பாதுகாப்பான வழி கொடுத்தோமா?

விருந்தாளி நிழலும் அழகும் தேடி ஒருநாள் போகும் கரைச் சாலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள்தோறும் லாரியிடமிருந்து தப்பும் வழி. அகலப்படுத்துகிறோம் என்று நிழல் மரத்தை வெட்டினாலும், மணல் ஏற்றிய வண்டி ஓடிக் கரை இளகினாலும், முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான். அடுத்த வெள்ளத்தில் பாதிக்கப்படுவது நம் வயல். கரையைக் காப்பதும் சாலையைக் காப்பதும் இரண்டல்ல. லஸ்கர் நடந்த வழியில் இன்று சைக்கிளில் போகும் நாமும் ஒரு கசிவைக் கண்டால் துறைக்குச் சொல்லலாம், கரையில் நாலு பனங்கொட்டை ஊன்றலாம். அது நம்மால் முடியும்.

நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஊரில் நிழலும் நீரும் உள்ள அமைதியான சாலை எது? எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, எந்த ஆற்றின் எந்தக் கரை என்று கீழே எழுதுங்கள். என் பழைய மாணவர்கள் யாராவது அவற்றை ஒரே வரைபடமாக்கிப் பச்சைக்கோடு போட்டுத் தந்தால், வருகிற தை மாதம் வரும் விருந்தினர் கையில் அதைக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
அம்பகரத்தூர்.