மரவள்ளி மாவு இனிப்பாகிற கதை

சண்டை வந்து கப்பல் நின்றால்தான் மாவுக்கு மவுசு வரும் போல. நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரை அரிதாகியிருந்த 1811-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கிர்ச்சாஃப் என்ற வேதியியலாளர் மாவில் கந்தக அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தார். இனிப்புப் பாகு கிடைத்தது.

அடுத்தது நம்ம சேலம், 1943. இரண்டாம் உலகப் போரில் ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோனது. மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் இறங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவும் வந்துவிட்டது.

இங்கத்த ஆலைக்காரங்களுக்கு பாக்டீரியா என்றாலே ஆகாது. மாவுப்பால் தெளிய நேரமானால் புளிக்கும், நிறம் மங்கும், விலை போகும். அதே பாக்டீரியாவை வைத்து மாவைச் சர்க்கரையாக்கலாம் என்றால் சிரிப்பாங்க.

ஃபேர்லேண்ட்ஸ் மளிகைக் கடையில் மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் 'லிக்விட் குளுக்கோஸ்' என்று இருக்கும். கிர்ச்சாஃப் பாகின் வாரிசுதான் அது. ஆனால் அமிலம் கண்டபடி வெட்டும். நிறமும் கசப்பும் சேரும், பாத்திரத்தையும் அரிக்கும். என்சைம் குறிபார்த்து வெட்டும். சிக்கல் சூட்டில்தான். மாவு வெந்து கூழானால்தான் என்சைமுக்கு வழி கிடைக்கும். ஆலையில் அது சுமார் 105 டிகிரி. நம்ம எச்சிலில் இருப்பதும் அமைலேஸ்தான், ஆனால் அந்தச் சூட்டில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு வீணாகிவிடும்.

தீர்வு கெட்டுப்போன டின் உணவிலிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த இடம். 1920-ல் டோங்க் என்ற அமெரிக்கர், டின்னைச் சூடாக்கியும் சாகாத பாக்டீரியா ஒன்றை விவரித்தார். இன்றைய பெயர் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ். 55-65 டிகிரியில் சுகமாக வளரும். இதனுடையதும் இதன் உறவுக்காரர்களுடையதுமான அமைலேஸ்தான் கொதிக்கும் கூழை நீர்க்க வைக்கிறது. பிறகு 60 டிகிரிக்கு ஆற்றி, ஒரு பூஞ்சையின் என்சைமைப் போட்டால் குளுக்கோஸ்.

குளுக்கோஸை இன்னும் இனிப்பான ஃப்ரக்டோஸாக மாற்றும் என்சைமை 1957-ல் மார்ஷலும் கூயும் அறிவித்தார்கள். 60 டிகிரியில் 42 சதவீதத்தோடு ஆலைகள் நிறுத்திக்கொள்ளும். சூடு ஏறினால் ஃப்ரக்டோஸ் பங்கும் ஏறும். அதனால்தான் 80 டிகிரியில் வாழும் தெர்மோடோகா மீது ஆய்வாளர்களுக்கு அவ்வளவு ஆசை.

1974-ல் சர்க்கரை விலை எகிறியபோது அமெரிக்கா மக்காச்சோளத்தை வைத்து இதில் குதித்தது. நமக்குக் கரும்பு இருந்தது. சேலம், நாமக்கல் விவசாயிக்கோ ஜவ்வரிசி விலை சரிந்தால் கிழங்கு விலையும் சரியும். அவருக்கு இரண்டாவதாக ஒரு ஆள் வாங்க வேண்டும். குளுக்கோஸ் ஆலை அப்படியொரு ஆளாகலாம் என்பது என் கணிப்பு. பாய்லருக்கும் என்சைமுக்கும் முதல் போட சின்ன மாவு மில்லால் தனியாக முடியாது, கூட்டுறவாகத்தான் முடியும்.