ஹூக்ளிக் கரையும் கிரயப் பத்திரமும்

நதிப் பிரயாணம் சரித்திரத்தை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. அதன் கவர்ச்சியும் சங்கடமும் அதுதான். கல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத்தை நோக்கி ஹூக்ளியில் ஏறிச்செல்லும் சுற்றுலாக் கப்பலில் முதல் 50 கிலோமீட்டருக்குள் மேற்குக் கரையில் நான்கு கொடிகளைக் கடந்துவிடலாம். ஸ்ரீராம்பூர் டேனிஷ்காரர்களுடையது, சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர்களுடையது, சின்சுரா டச்சுக்காரர்களுடையது, அதையடுத்த பாண்டேல் போர்த்துக்கீசியருடையது. ஸ்ரீராம்பூருக்கு நேர் எதிர்க்கரையில், பாரக்பூரில், ஆங்கிலேய கவர்னர் ஜெனரலின் மாளிகை. எங்கள் வழிகாட்டி இந்த நீளத்துக்குக் 'குட்டி ஐரோப்பா' என்று பெயர் சொன்னார். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

எனக்கு உறுத்தியது பெயரல்ல, நாற்காலி. இந்தக் கட்டிடங்களில் பல ஆற்றை நோக்கி முகம் வைத்தவை. நீர்வழியே வருகிறவன் கண்ணுக்காக எழுப்பப்பட்டவை. இன்று பிரயாணி உட்கார்ந்திருக்கும் இடம் அன்று கம்பெனி வியாபாரி நின்ற இடம். கப்பல் நம்மை ஏற்றிக்கொள்ளும்போதே அவனுடைய பார்வையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பார்வையில் தூண்களும் மணிக்கூண்டும் விழுகின்றன. ரிஷ்ராவில் 1855-ல் இந்தியாவின் முதல் சணல் ஆலை வந்ததிலிருந்து இந்தக் கரையில் முளைத்த புகைபோக்கிகளுக்கு வழிகாட்டியிடம் வாக்கியமே இல்லை. அவை எந்தக் கொடியிலும் சேராதவை.

ஸ்ரீராம்பூரை எடுத்துக்கொள்வோம். 1755-ல் நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி பெற்று டேனிஷ் கம்பெனி அமைத்த ஊர். அரசனின் பெயரால் பிரெடரிக்ஸ்நகர் என்று அழைத்தார்கள். அது யாருடைய ஆணைக்கு உட்பட்டிருந்தது என்பதில்தான் நமக்கு அக்கறை இருக்கவேண்டும்: தரங்கம்பாடியின் ஆணைக்கு. காவிரி கடலைச் சேரும் பகுதியிலிருந்த ஒரு கோட்டை, கங்கையின் கிளையிலிருந்த இந்த ஊரை நிர்வகித்தது. தரங்கம்பாடியைத் தனியாகவே நினைத்து நாம் பழகிவிட்டோம். சீகன்பால்கு, ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துக்கள், 1714-15-ல் அச்சேறிய புதிய ஏற்பாடு என்று நம் அச்சு வரலாறு அங்கே ஒரு மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 85 ஆண்டுகளுக்குப்பின் அதே கொடியின் நிழலில் இன்னொரு அச்சகம் எழுந்ததை அதோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்காததால், 1799-ல் வந்த மார்ஷ்மனும் வார்டும் ஸ்ரீராம்பூரில் இறங்கினார்கள்; 1800 தொடக்கத்தில் கேரி அவர்களோடு சேர்ந்தார். சிறு அரசின் ஒதுக்குப்புறமான ஊர் என்பதே அச்சு இயந்திரத்துக்குப் புகலிடமாயிற்று.

கேரியின் கல்லறையை நமக்குக் காட்டுகிறார்கள். எழுத்தை வெட்டிய கையைப் பற்றிப் பேச்சு வருவதில்லை. பஞ்சானன் கர்மகார், ஜாதிப் பெயரே சொல்வதுபோல, கொல்லர். ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் 1778-ல் ஹூக்ளியில் அச்சானபோது வில்கின்ஸோடு சேர்ந்து வங்காள எழுத்துக்களை உருவாக்கியவர். பிறகு ஸ்ரீராம்பூர் அச்சகத்துக்கு வந்து, தன் மருமகன் மனோகருக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1812 மார்ச் 11-ந் தேதி அச்சகம் எரிந்தது. வார்த்த எழுத்துக்கள் உருகிப்போயின. எழுத்தை முதலில் வெட்டிய எஃகு அச்சுகள் சாம்பலுக்குள்ளிருந்து சேதமின்றிக் கிடைத்தன. உருகிய உலோகத்தை வழித்தெடுத்து மறுபடியும் வார்த்தார்கள். தீயில் தப்பியது கொல்லர்களின் வேலை. நதியிலிருந்து பார்த்தால் அதற்கு முகப்பு கிடையாது.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும், பாலசோரிலிருந்த ஒரு துண்டு நிலத்தையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. ஒரே கிரயம். இரண்டு மொழிகளின் அச்சு வரலாறு கைமாறியது இந்த ஒற்றைத் தொகையில்தான். அதற்கு 20 வருஷம் முன்பே இப்படி ஒரு கைமாற்றம் நடந்திருந்தது. 1824 உடன்படிக்கைப்படி டச்சுக்காரர்கள் சின்சுராவையும் மலாக்காவையும் கொடுத்து, சுமத்திராவில் பெங்கூலனைப் பெற்றுக்கொண்டார்கள். அதே கணக்கில் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் தூத்துக்குடியும் ஆங்கிலேயரிடம் போயின. அந்த ஊர்களில் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிலம் விற்றால் அதிலிருக்கும் மரங்களும் சேர்ந்துதான்.

சந்தன்நகர் இந்த வரிசையை உடைக்கிறது. 1757 மார்ச்சில் வாட்ஸனின் கப்பல்கள் ஆற்றிலிருந்தே அதன் கோட்டையைத் தகர்த்தன; ஊர் பலமுறை கைமாறிக் கடைசியில் பிரெஞ்சுக்காரரிடமே நின்றது. ஆனால் 1949 ஜூனில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர விரும்பியவர்கள் 7,463. பிரான்ஸோடு இருக்க விரும்பியவர்கள் 114. 1954-ல் பாண்டிச்சேரிக்காகக் கீழூரில் வாக்களித்ததுகூட 178 பிரதிநிதிகள்தான். சந்தன்நகரில் ஊரே கேட்கப்பட்டது. நான் போன கப்பல் அங்கே நின்றது நதிக்கரை நடைபாதைக்காகவும் துப்ளே வீட்டுக்காகவும்.

பாண்டேலைத் தாண்டியபின் ஐரோப்பியர் குறைந்து ஆறே பேசத் தொடங்குகிறது. வங்காளத்தின் பெரிய துறைமுகமாக இருந்த சப்தகிராமம் 16-ம் நூற்றாண்டில் சரஸ்வதிக் கிளை தூர்ந்ததால் செத்தது. ஹூக்ளி எழுந்ததே அதனால்தான். 1632-ல் ஷாஜஹானின் படை போர்த்துக்கீசியரை ஹூக்ளியிலிருந்து விரட்டியதற்கு நாம் தேதி வைத்திருக்கிறோம். ஒரு கிளைநதி மண்மூடியதற்குத் தேதி கிடையாது. காலனாவில் 1809-ல் கட்டிய 108 சிவன் கோயில்கள், வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34 என்று தங்களுக்குள் வளைந்து நிற்கின்றன, ஆற்றுக்கு எதையும் காட்ட வேண்டாதவைபோல. பிளாசியில் 1757 யுத்தகளத்தின் பெரும்பகுதியை ஆறு அரித்துத் தின்றுவிட்டது. நினைவுத்தூண் மிஞ்சியிருக்கிறது, களம் இல்லை.

அந்த ஆறும் இப்போது தன்னிச்சையாக ஓடவில்லை. கல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் சேராமலிருக்க, பராக்காவில் அணை கட்டி, 1975 முதல் கங்கைநீரைக் கால்வாய் வழியாக ஹூக்ளிக்குத் திருப்புகிறார்கள். திட்டமிட்ட அளவு விநாடிக்கு 40,000 கன அடி. கோடையில் எவ்வளவு நீர் யாருக்கு என்பதற்கு 1996-ல் பங்களாதேஷோடு ஒரு 30 வருஷ உடன்படிக்கை. எங்கள் கப்பலைத் தாங்கிய நீரும் ஒரு பத்திரத்தின் ஷரத்துப்படி வந்ததுதான்.

கட்டிடங்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஸ்ரீராம்பூரின் புனித ஓலாவ் தேவாலயம் 2016-ல் சீர்செய்யப்பட்டுத் திறந்தது நல்ல காரியமே. ஆனால் முகப்புகளைச் சீர்செய்வதோடு, அவற்றை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதும் சேர்ந்து நிரந்தரமாகிவிடக்கூடாது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கும் கோட்டைமுன் படம் எடுத்துக்கொள்ளும் நமக்கும் இது பொருந்தும். 12½ லட்சத்தில் தரங்கம்பாடியின் பங்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தொகையை எண்ணிய நாளில் பத்திரத்தில் பெயரில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று கேட்கவேண்டும். கரையில் இறங்கித்தான் அதைக் கேட்கமுடியும்.