மேசைக்கு அடியில் ஒரு திருகு

தச்சுப் பட்டறைகளில் 'ரூட்டர்' என்னும் மின்கருவியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மோட்டார், அதன் தண்டின் நுனியில் வெட்டும் அலகு. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் அந்த அலகு மரத்தில் காடி எடுக்கும், விளிம்புகளை வளைவாக்கும். கையில் பிடித்து ஓட்டுவதற்குப் பதிலாக, இதனை ஒரு மேசையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, அலகு மட்டும் மேலே தெரியுமாறு செய்வதும் உண்டு. கருவி அசையாது நிற்கும். மரத்தை நகர்த்தினால் போதும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. காடியின் ஆழத்தை அரை மில்லிமீட்டர் மாற்ற வேண்டுமானால், மேசைக்கடியில் குனிந்து, சில கிலோகிராம் எடையுள்ள கருவியை ஒரு கையால் தாங்கி, மறு கையால் பிடிப்பைத் தளர்த்தி, உத்தேசமாக நகர்த்த வேண்டும். புவியீர்ப்போ நமக்கு எதிர்க்கட்சி! ஆகவே மோட்டாரை ஒரு சட்டத்தில் பிணைத்து, அதனை எஃகுத் தண்டுகளின் வழியே ஒரு திருகினால் ஏற்றி இறக்குகிறார்கள். அங்குலத்துக்கு 16 புரிகள் கொண்ட திருகானால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மி.மீ.; கால் சுற்றுக்கு 0.4 மி.மீ. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவருக்கு இது பழகிய கணக்குத்தான்.

ஆனால் இக்கணக்கு பலிக்க, எல்லாப் புரிகளும் ஒரே இடைவெளியில் அமைந்திருக்க வேண்டுமே! அத்தகைய திருகு எளிதில் கிடைத்துவிடவில்லை.

திருகு பழமையானது. அலெக்சாந்திரியாவின் ஹீரோன், கி.பி. முதல் நூற்றாண்டிலேயே திருகு அழுத்திகளை விவரித்திருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரமும் மரத்திருகால்தான் அழுத்தியது. கோடு வரைந்து, உளியாலும் அரத்தாலும் செதுக்கிய திருகுகள் அவை. புரி சற்றுக் கோணினாலும் அழுத்துவதற்குப் பழுதில்லை. அளப்பதற்கு அது உதவாது.

இந்த இடத்தில்தான் ஹென்றி மாட்ஸ்லே வருகிறார். 1771-இல் இங்கிலாந்தின் வூலிச்சில் பிறந்தவர். 18 வயதில் ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறையில் சேர்ந்தார். 1797-இல் அவருடைய வாரக் கூலி 30 ஷில்லிங். கூடுதல் கேட்டார், பிராமா மறுத்தார், மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். சில ஷில்லிங்குகளை மிச்சப்படுத்தப் போய் பிராமா இழந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்!

1800-ஐ ஒட்டி அவர் அமைத்த கடைசல் இயந்திரத்தில், வெட்டும் உளியைக் கை பிடிப்பதில்லை. ஒரு நீண்ட திருகு நகர்த்துகிறது. அத்திருகையும் சுழலும் உலோகத் தண்டையும் பற்சக்கரங்கள் இணைக்கின்றன. சக்கரங்களை மாற்றினால், ஒரே தாய்த்திருகிலிருந்து வெவ்வேறு புரியிடைத் தூரமுள்ள திருகுகளைப் பெறலாம். சரி, அந்த முதல் தாய்த்திருகு எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி. சுழலும் மர உருளை அல்லது மென்மையான உலோக உருளையின்மீது பிறைவடிவக் கத்தியொன்றைச் சாய்வாக அழுத்தினார். சாய்வின் காரணமாகக் கத்தி தானே பக்கவாட்டில் நகர்ந்து சுருள்கோட்டை வெட்டியது. அதைத் திருத்தித் திருத்தி மேலும் நுட்பமாக்கினார். பிரான்சிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் இத்தகைய இயந்திரங்கள் தோன்றின. ஆகவே 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டத்தை இவருக்கு மட்டும் சூட்டுவது முறையன்று. அதனை அன்றாடப் பட்டறைப் பழக்கமாக்கிய பெருமை இவருடையது.

அவருடைய அளவுமானி ஒன்றுக்குப் பட்டறையில் 'லார்டு சான்சலர்' என்று பெயர். நீதித்துறையின் உயர்பதவிப் பெயர் அது. அளவில் தகராறு வந்தால் அதன் தீர்ப்பே முடிவு! அங்குலத்துக்கு 100 புரிகள். தலைக்கோலில் 100 பிரிவுகள். மீச்சிற்றளவு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம்: அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த நுட்பம் மீண்டும் மரத்துக்கே வந்தது. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில், பாய்மரக் கப்பல்களுக்கான மரக் கப்பிகளைச் செய்ய மார்க் புருனெல் வகுத்த இயந்திரங்களை, 1802-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மாட்ஸ்லே உலோகத்தில் செய்து கொடுத்தார். 1808-இல் அவை ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளை ஈந்தன. 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள் என்று நூல்கள் பெருமையுடன் கூறும். மற்ற 100 பேரை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெருமை சற்றுக் குறைகிறது. தலைமுறை தலைமுறையாகக் கையில் வளர்ந்த திறமை, இயந்திரத்தின் சட்டத்துக்குள் குடியேறிவிட்டது.

மாட்ஸ்லேயிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1841-இல் புரிகளுக்குப் பொது அளவுகளை முன்மொழிந்தார். புரியின் கோணம் 55 பாகை. அதன் பின்னரே ஓரிடத்தில் செய்த நட்டு, வேறிடத்தில் செய்த போல்ட்டில் ஏறும் காலம் பிறந்தது.

இனி நம் மேசைக்குத் திரும்புவோம். கைப்பிடியை விட்டுவிட்டால் மோட்டாரின் எடை திருகைப் பின்னோக்கிச் சுழற்றிக் கீழே இறங்கிவிடாதா? இறங்காது. 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைத் தூரமும் உள்ள திருகின் சாய்வுக் கோணம் ஏறத்தாழ 2.3 பாகைதான். உராய்வுக் குணகம் 0.15 எனக் கொண்டால், உராய்வுக் கோணம் 8.5 பாகை. சாய்வைவிட உராய்வு பெரிது. எனவே பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, பயனுறு திறன் 21 விழுக்காடாகக் குறைவது. நாம் செய்யும் வேலையில் ஐந்தில் நான்கு பங்கு உராய்வில் வெப்பமாகிறது. வேறிடத்தில் இது நட்டம். இங்கே அதுவே பாதுகாப்பு.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். திருகுக்கும் நட்டுக்கும் இடையே சிறு தளர்வு எப்போதும் இருக்கும். இறக்கும்போது மரத்தூள் அடைத்துச் சட்டம் சிக்கிக்கொண்டால், திருகு மட்டும் சுழலும். பிறகு மோட்டாரின் அதிர்வில் சட்டம் திடீரென்று அந்தத் தளர்வின் அளவுக்குக் கீழே அமரும். காடியின் ஆழம் கெட்டுவிடும். எனவே வேண்டிய அளவுக்குச் சற்றுக் கீழே இறக்கி, பின்னர் மேல்நோக்கி ஏற்றியே நிறுத்துகிறார்கள். அலகைத் தொடுமுன் மின்செருகியைக் கழற்றி வைப்பதும் வழக்கம்.