சிற்றுருவில் ஒரு வரலாறு: மாதிரிப் புகையிரத அமைப்புக்களும் உண்மையும்

கடந்த காலத்தை அறிய விழையும் வரலாற்றாசிரியன் கல்வெட்டு, நாணயம், ஏடு, அரச ஆவணம் ஆகியவற்றை நாடுகின்றான். இவற்றின் வரிசையிலே மாதிரிப் புகையிரதத்தையும் வைத்து நோக்குவது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், சிறுவரின் விளையாட்டுப் பொருளாகப் பிறந்த இது, அழிந்துபோன ஒரு சமூகச் சூழலைப் பேணும் சாதனமாக வளர்ந்தமை ஆராயத்தக்கதாகும்.

ஜேர்மனியின் கொப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாக்ளின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில், முறுக்குவில்லால் இயங்கும் புகையிரதத்தை ஓடுபாதையுடன் காட்சிக்கு வைத்தது. வாங்கியவர் மேலும் மேலும் பாதைத் துண்டுகளைச் சேர்த்து விரிவாக்கக்கூடிய வகையில், பாதையின் அகலம் நியமப்படுத்தப்பட்டிருந்தமையே அதன் புதுமை. தனிப்பொருளாக இருந்த பொம்மை, அதன் பின்னரே வளரத்தக்க ஓர் 'அமைப்பு' ஆகியது. இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோன்பி 1920இல் புகையிரதப் பொம்மைகளை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1930களில் 16.5 மில்லிமீற்றர் அகலமான சிறுபாதை பரவியதால், சாதாரண வீட்டின் ஓர் அறையிலேயே முழுமையான பாதையொன்றை அமைத்தல் இயல்வதாயிற்று.

எனினும், அக்கால அமைப்புக்கள் பலவற்றில் பாதை இருந்தது, நிலம் இருக்கவில்லை. மேசைமீது வண்டி சுற்றி வந்ததேயன்றி அது எங்கிருந்து எங்கே, எதற்காகச் செல்கின்றது என்ற வினா எழவில்லை. இவ்வினாவை எழுப்பியோருள் ஜோன் அஹேர்ன் முதன்மையானவர். 1930களின் பிற்பகுதியில் அவர் ஆரம்பித்த 'மடர் பள்ளத்தாக்கு' அமைப்பிலே துறைமுகம், ஊர், ஆறு, வயல் யாவும் பாதையோடு இணைந்து ஒரே நிலக்காட்சியாக விளங்கின. புகையிரதம் அந்நிலத்தின் தேவைக்காக ஓடியது. கட்டடங்களை அமைப்பது குறித்தும் நிலத்தோற்றத்தை உருவாக்குவது குறித்தும் அவர் எழுதிய நூல்கள் பிற்கால ஆர்வலர்களுக்கு வழிகாட்டின.

இம்மரபை வரலாற்றுப் பணியாக உயர்த்தியவர் ரோய் இங்லண்ட் என்பவர். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த இவ்விளைஞரைச் சுவிண்டன் நகரையடுத்த வைற் ஹோர்ஸ் பள்ளத்தாக்கின் கிராமங்கள் கவர்ந்தன. ஆனால் மோட்டார் வாகனங்களின் பெருக்கத்தாலும் புதிய கட்டடப் பொருட்களாலும் அக்கிராமங்களின் தோற்றம் அவர் கண்முன்னரே மாறிக்கொண்டிருந்தது. மாற்றத்தைத் தடுக்க அவரால் இயலவில்லை. அளந்து வைக்க இயன்றது. வீடுகளை அளந்து, நிழற்படம் எடுத்து, நிறங்களைக் குறித்து, அடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்ற அளவிலே அவற்றை அமைக்கலானார். சுவர்கள் மட்டையாலானவை, செங்கற்கள் ஒவ்வொன்றாக நீர்வர்ணத்தால் தீட்டப்பட்டவை. ஒரு குடிசை முற்றுப்பெற மாதங்கள் பல கழிந்தன. 1954இல் லோங் விற்றன்ஹாம் என்னும் ஊரில் அவர் தொடக்கிய பென்டன் நூதனசாலை, 1995இல் அவர் மறைந்த பின்னரும் தொண்டர்களால் வளர்க்கப்பட்டு வருகின்றது. 1961இல் அஹேர்ன் இறந்ததன் பின்னர் அவரது அமைப்பும் அங்கேயே அடைக்கலம் பெற்றது.

இப்பணியின் பெறுமதியைக் காலம் உணர்த்தியது. 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை 2000க்கு மேற்பட்ட நிலையங்களை மூடுமாறு விதந்துரைத்தது. 1968இல் பிரித்தானியப் புகையிரத சேவையில் நீராவி இயந்திரங்களின் பொதுப் பயன்பாடு முடிவுற்றது. கிளைப்பாதைகள் கிழித்தெறியப்பட்டு, நிலையங்கள் தரைமட்டமாகிய இடங்களில், முன்பு விளையாட்டாகக் கருதப்பட்ட அளவுக்குறிப்புக்களே சான்றுகளாக எஞ்சின.

அவ்வாறாயின் மாதிரியமைப்பை உண்மையின் பிரதி எனக் கொள்ளலாமா? இங்கு இரு தடைகள் உள. முதலாவது அளவு பற்றியது. பிரித்தானிய இயந்திரங்கள் ஐரோப்பியப் பெருநிலத்தினவற்றிலும் சிறியன. அக்கால மின்மோட்டார் அவற்றின் சிற்றுருவினுள் அடங்காமையால், வண்டியை அடிக்கு நான்கு மில்லிமீற்றராகப் பெருப்பித்த உற்பத்தியாளர், பாதையை 16.5 மில்லிமீற்றராகவே விட்டனர். சரியான அகலம் 18.83 மில்லிமீற்றர் ஆகும். எனவே அப்பாதை உண்மையிலும் ஏழு அங்குலம் ஒடுங்கியதாகும். வணிக வசதி பிறப்பித்த இப்பிழையைத் திருத்தப் பல ஆர்வலர் தம் கையாலேயே பாதை அமைத்தனர்.

இரண்டாவது தடை இதனிலும் ஆழமானது. பென்டனிலுள்ள கிராமத்தின் வீடுகள் உண்மையானவை, கிராமமோ கற்பனையானது. வெவ்வேறு ஊர்களில் நின்ற வீடுகள் அங்கே அயல்வீடுகளாகியுள்ளன. மேலும், வைக்கோற் கூரையின் அழகை நாம் காண்கின்றோம். அக்கூரையின் கீழ்க் குழாய்நீரோ மின்சாரமோ இன்றிச் சொற்பக் கூலிக்கு உழைத்த விவசாயத் தொழிலாளியின் துயரை மட்டையும் வர்ணமும் காட்டமாட்டா. அழகை அளக்க அளவுகோல் போதும். வறுமையை அளக்க அது போதாது.

ஆயினும் இக்குறை மாதிரியமைப்புக்கு மட்டும் உரியதன்று. உண்மையான தரவுகளைத் தெரிந்தெடுத்து, தானே வகுத்த ஒழுங்கில் நிரைப்படுத்துபவனே வரலாற்றாசிரியனும். அவனது நூலிலும் வீடுகள் உண்மையாயிருக்க, கிராமம் அவனுடையதாகவே அமைகின்றது. அளந்தவற்றை அளந்தபடியே வைத்தலும், தெரிவு தன்னுடையதென மறையாது உரைத்தலுமே அவனுக்குரிய நேர்மை. அழியுமுன் அளந்துவைத்த ரோய் இங்லண்ட் இந்நேர்மையின் முதற்பாதியை நன்கு நிறைவேற்றினார். காட்சியினின்று விடுபட்டோரைத் தேடும் மறுபாதி, அதனைக் காண்போரின் கடனாகும்.