தண்ணீர்க் குழாயிலிருந்து மின்னல் வரை

இடி மழைக் காலம் வந்தால் ஊரில் நாலைந்து வீட்டில் டீவியோ ரவுட்டரோ எரிந்து போகும். "மின்னல் எங்கட வீட்டில விழவேயில்லையே சேர், பிறகு எப்படி?" என்று கேட்கிறார்கள். விழத் தேவையில்லை. தூரத்துக் கம்பியில் விழுந்தாலும், பக்கத்தில் விழுந்தாலும், அந்தக் கம்பி வழியே ஓர் அலை கிளம்பும். ஒரு கிலோமீற்றரைக் கடக்க அதற்கு மூன்று நான்கு மைக்ரோ செக்கன் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுவதற்குள் அது வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். அதனால் இடி கேட்கும் முன்பே பிளக்கைக் கழற்றி வையுங்கள். இடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டப் போக வேண்டாம்.

இந்த அலையைக் கணக்குப் போடும் வழி வந்த பாதைதான் எனக்குப் பிடித்த கதை. அதில் பெரும் பங்கு தண்ணீர்க்காரர்களுடையது.

பைப்பைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிவந்த நீர் திடீரென நிற்க, அழுத்தம் அலையாகப் பின்னோக்கி ஓடுகிறது. 1890களின் இறுதியில் மொஸ்கோ நகர நீர்க் குழாய்களில் ஜுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இதை அளந்தார். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீரைச் சட்டென நிறுத்தினால், 100 மீற்றருக்கும் கூடிய உயரத்து நீரின் அழுத்தம் ஏறும். பெரிய குழாய்கள் இதனாலும் வெடிப்பதுண்டு.

கம்பியிலும் இதே கணக்குத்தான். அழுத்தத்துக்குப் பதில் வோல்ற்றளவு, நீரோட்டத்துக்குப் பதில் மின்னோட்டம். நியூகாசிலில் தந்தி வேலை பார்த்த ஒலிவர் ஹெவிசைட் 1876லேயே கம்பிக்குரிய சமன்பாட்டை எழுதிவிட்டார். பல்கலைக்கழகம் போகாத மனிதர் அவர்! ஆனால் சமன்பாடு இருப்பது வேறு, பல கம்பிகள் சந்திக்கும் இடத்தில் அலை மோதித் திரும்புவதைத் தீர்ப்பது வேறு. திறந்த முனையை அடையும் அலை திரும்பும்போது அங்கே வோல்ற்றளவு இரு மடங்காகிறது. நீண்ட மின் கம்பிக்கு ஆளியைப் போடும்போதுகூட இது நடக்கும், மின்னலே வேண்டாம்.

பிரான்ஸின் நீரியல் பொறியியலாளர் லூயி பெர்ஜெரோன், குழாய் அலைகளை வரைபடத் தாளில் கோடு போட்டே தீர்க்கும் முறையை வளர்த்தவர். அதையே மின் கம்பிக்கும் பொருத்திக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே நீர்க் குழாயின் அடியிலிருந்து மின்னலின் அடி வரை என்ற பொருளில்தான் இருக்கிறது.

அந்த முறையைக் கணினிக்குக் கொண்டுபோனவர் ஜேர்மனியில் பிறந்த ஹெர்மன் டொம்மல். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் எளிமையானது. 300 கிலோமீற்றர் கம்பியின் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு மில்லி செக்கன் ஆகும். அதுவரை இரு முனைகளையும் தனித்தனியாகக் கணக்கிடலாம், பெரிய வலையமைப்பும் சிறு துண்டுகளாகிவிடும். 1969இல் இந்தக் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலுள்ள பொன்வில் மின் நிர்வாகத்தில் இ.எம்.டி.பி. என்ற நிரல் வளர்ந்தது. அரச நிறுவனம் என்பதால் கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், கண்டுபிடிப்புக்குச் சமமான பெரிய காரியம் அந்தக் கொடுப்புத்தான். 1980களில் அதை வியாபாரமாக்கும் முயற்சி வந்தபோது, அதை எழுதி வந்தவர்களில் ஒரு சாரார் பிரிந்துபோய் ஏ.டி.பி. என்ற இன்னொரு வடிவத்தை வளர்த்தார்கள். அது இன்றும் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது.